புளியந்தீவு வீட்டுக்கு வாங்கிய ஆறு கிலோ சிவப்புச் சிலிண்டர்

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன், கதை பிறகு. ஏபிசி பவுடர் (பல வகை நெருப்புக்கும் அடிக்கிற மா) தீயணைப்புச் சிலிண்டர், ஆறு கிலோ, இரண்டு. கூடவே ஒன்பது வோல்ட் பற்றரியில் ஓடுகிற புகை அலாரம் மூன்று. வாங்கி எட்டு மாதமாகிறது. சிலிண்டரில் ஒன்றை உண்மையான நெருப்புக்கே அடித்துப் பார்த்தாயிற்று. அலாரங்களை அம்மா வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போட்டுச் சோதித்துவிடுகிறார். விலை என்று கேட்டால், ஒரு சிலிண்டர் ஒரு நல்ல ஸ்டாண்ட் ஃபேனுக்குக் கிட்ட வரும். ஃபேன் வாங்கும்போது ஒரு நிமிடம் யோசிக்காதவர்கள் நாங்கள், இதற்கு மட்டும் நாலு தலைமுறை எடுத்திருக்கிறோம்.

வீடு புளியந்தீவில், அம்மம்மாவின் அம்மாவுக்குச் சீதனமாகக் கட்டியது. மட்டக்களப்பு வழக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம், வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். அப்படியே அம்மம்மா, அம்மா என்று இறங்கி இப்போது என் தலையில். முதிரைக் கைமரம், ஓட்டுக் கூரை, பலகைச் சீலிங், ஊர் முழுக்க உட்கார்ந்து பழகிய நீள விறாந்தை. நூறு வயது தாண்டிவிட்டது, ஆனாலும் சட்டப்படி அது புராதனம் இல்லை. தொல்பொருள் சட்டத்தில் தானாகவே பாதுகாப்புக்குள் வருவது 1815 மார்ச் 2க்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முந்தியவைதான். எங்கள் ஊர்க் கோட்டை அந்தக் கணக்குக்குள் வரும், 1628இல் போர்த்துக்கேயர் கட்டிப் பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தது. எங்கள் வீட்டுக்கு அப்படி போர்டு எதுவும் கிடையாது. ஆனால் ஓட்டோக்காரரிடம் "ஊஞ்சல் வீடு" என்று சொன்னால் நேரே கொண்டுவந்து விடுவார்.

மேற்குப் பக்க அறையில் கைமரங்கள் கோறையாகிவிட்டன. ஓடாவி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இப்ப மரமில்லை தங்கச்சி, கறையான்ட வீடு" என்றார். திருத்த வேலையை ஒருவரிடம் கொந்தராத்துக்குக் கொடுத்தோம். யார் என்று கேட்காதீர்கள், நெருப்புக்கு மறுநாள் அந்த மனுஷன் கடப்படியில் தலையைக் குனிந்து நின்ற விதம் எனக்குப் போதும். அதே அளவு முதிரை இன்றைக்கு வாங்கி மாளாது என்பதால், இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் பண்ணுவது என்று முடிவு. சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவில் அந்த இருட்டில் என்ன இருந்தது தெரியுமா? அணில் கூடு, குருவிக் கூடு, தும்பு, நூறு வருடத் தூசி. அதற்குள் வெல்டிங் பொறி. இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஏனென்றால் அன்று கீழே நின்று பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டே அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தவள் நான்தான்.

ஐந்து மணிக்கு வேலையாட்கள் கைகால் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறரை போல ஒரு புகை மணம் வந்தது. பக்கத்து வளவில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். எங்கள் கூரையின் புகை எங்கள் வீட்டுக்குள் வராமலிருக்க எங்கள் ஜன்னலையே சாத்திவிட்டு நாங்கள் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடு வெடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே ஓடினோம். முதலில் ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று, அப்புறம் சீனவெடிக் கட்டு மாதிரி.

அதற்குப் பிறகு ஊர் செய்ததை நான் மறக்க மாட்டேன், நல்லதையும் மற்றதையும். யாரும் கூப்பிடாமலே கிணற்றிலிருந்து வாளி வரிசை நீண்டது. எதிர்வீட்டுத் தம்பி மெயின் சுவிட்சை இறக்கினான். ஒருவர் 110க்குக் கோல் எடுத்தார், இன்னொருவர் அதை நம்பாமல் மோட்டார் சைக்கிளில் மாநகர சபைக்கே போனார். உள்ளே புகுந்து சாமான் தூக்கியவர்களை நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. கோப்பன்ஹேகனில் 2024 ஏப்ரல் 16 பழைய பங்குச் சந்தைக் கட்டடம் எரிந்தபோது, தெருவில் போனவர்களும் சேர்ந்து பெரிய பெரிய ஓவியங்களை வெளியே சுமந்துவந்த வீடியோ பார்த்திருப்பீர்கள். அதுவும் திருத்த வேலை நடந்துகொண்டிருந்த கட்டடம்தான், சுற்றிவரச் சாரம் கட்டியிருந்தது. எங்கள் ஆட்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிளாஸ்டிக் கதிரைகளையும் கலண்டரையும் வெளியே கொண்டுவந்தார்கள், அம்மம்மாவின் பெட்டகம் இருந்த இடத்திலேயே இருந்தது. காஸ் சிலிண்டரைக் கழற்றித் தூக்கியவர் ஒருவர்தான் மூளையோடு வேலை செய்தவர்.

அந்த நேரத்தில் யாரோ ஒருவர் ஒரு கடையிலிருந்து தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சாமி வருவதுபோல எல்லாரும் விலகி வழிவிட்டோம். ஊசி கறள் பிடித்து வரவில்லை. குறடு தேடி இழுத்தெடுத்து அமுக்கினால் ஒரு பிடி மா மட்டும் கீழே கொட்டியது. நாலு பேர் மாறி மாறி அமுக்கிப் பார்த்தார்கள், ஒவ்வொருவரும் முந்தினவருக்கு அமுக்கத் தெரியவில்லை என்ற நினைப்போடு. அமுக்கம் காட்டுகிற முள் சிவப்பில் கிடந்ததை நான் அடுத்த நாள் காலையில், முற்றத்துச் சேற்றில் அது உருண்டு கிடந்தபோதுதான் பார்த்தேன்.

கடைசியில் தீயணைப்பு வண்டி வந்து அடித்து அணைத்தது. மேற்கு அறைக் கூரையும் விறாந்தையில் ஒரு மூலையும் போனது, மற்றது தப்பியது, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அடுத்த மூன்று நாளும் செத்தவீடு மாதிரித்தான். காப்பாற்றிய பிளாஸ்டிக் கதிரைகள் வந்தவர்களை இருத்தப் பயன்பட்டன, அந்த வகையில் தூக்கியவர்கள் புத்திசாலிகள். வந்தவர்களில் பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தமே இல்லை. அம்மம்மா அந்த விறாந்தையில் பல வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், அவர்களில் பலருக்கு இப்போது பேரப்பிள்ளைகள். ஒரு ஐயா ஆரையம்பதியிலிருந்து பஸ் பிடித்து வந்து, கருகின தூணை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றார். "இதில சாய்ஞ்சிருந்துதான் புள்ள வாய்ப்பாடு படிச்ச நான்" என்றார். கையில் ஒட்டின கரியைத் துடைக்காமலே, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். எங்கள் வீடு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது எத்தனை பேருடையது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

மற்றப் பேச்சும் இருந்தது. கண்ணூறு. வாசல் வேம்பின் கிளையை வெட்டின பாவம். இன்சூரன்ஸ் காசுக்கு நாங்களே கொளுத்தினோம் என்றும் ஒரு கதை, அதைக் கேட்டு என் கணவர் சிரித்த சிரிப்பில் வயிறு நொந்தது, இன்சூரன்ஸ் என்று ஒன்று இருந்தால்தானே. ஒரு பொடியன் கடப்படியில் நின்று லைவ் போட்டு, எங்கள் வீட்டை ஒல்லாந்தர் மாளிகை ஆக்கிவிட்டான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே, வந்த முக்கால்வாசிப் பேர் குரலைத் தணித்துக் கேட்டது ஒன்றுதான்: "யார் வைச்ச?"

இந்தக் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் 97,000 புத்தகங்களோடு கொளுத்தப்பட்ட நாடு இது. பழைய கட்டடம் ஒன்றில் புகை கண்டால் "எரிஞ்சது" என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது, "எரிச்சது" என்றுதான் வரும். 2019 ஏப்ரல் 15, புத்தாண்டுக்கு மறுநாள் இரவு, பாரிஸில் நோத்ர தாம் தேவாலயம் எரிவதை இதே வீட்டு டிவியில்தான் பார்த்தோம். ஊசிக் கோபுரம் முறிந்து விழுந்தபோது, சைவக்காரி என் அம்மா "ஐயோ மாதாவே" என்றார். அங்கேயும் திருத்த வேலைதான், அன்றைக்கும் பேஸ்புக்கில் யார் வைத்தது என்பதுதான் பேச்சு. ஆறாம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, எங்கள் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு பாரிஸைப் பற்றி இங்கே யார் பேசுவார்கள்? நானும் அதை மறந்தேபோனேன், எங்கள் கூரை போகும்வரை.

நெருப்புக்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. இரவிரவாகப் போனில் இதையே தோண்டித் தோண்டிப் படித்தேன். நோத்ர தாமில் யாரும் வைத்ததற்கு விசாரணையில் அடையாளம் கிடைக்கவில்லை, மின்கோளாறோ அணைக்காத சிகரெட்டோ என்ற அளவில்தான் நிற்கிறது. அதைவிட என்னை உலுக்கியது, அங்கே அலாரம் நேரத்துக்கு அடித்திருக்கிறது. ஆனால் பார்க்க அனுப்பின காவலாளி வேறு கட்டடத்தின் மேல்மாடத்துக்குப் போய், ஒன்றும் இல்லை என்றிருக்கிறார். சரியான இடத்துக்குப் போகும்போது அரை மணி நேரம் போய்விட்டது. லண்டனில் கட்டி சார்க் என்ற 1869ஆம் ஆண்டுத் தேயிலைக் கப்பல் 2007இல் திருத்தத்தில் இருந்தபோது எரிந்ததற்குக் காரணம், சனி ஞாயிறு முழுக்க நிற்பாட்டாமல் விட்ட ஒரு வக்யூம் கிளீனர். 1992இல் வின்ட்சர் கோட்டையில் வயரிங் வேலை நடந்த நேரம், ஒரு மின்விளக்கின் சூடு திரைச்சீலையில் ஏறியிருக்கிறது. கிளாஸ்கோ கலைப் பள்ளி பாவம், 2014இல் ஒருதரம் எரிந்து, அதைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே 2018இல் இன்னொருதரம் எரிந்தது. முதல்தரம் எரிந்தபோது, நெருப்பை அணைக்கிற நீர்ப்பனி இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்களாம், முடியவில்லை.

ஒன்றையும் யாரோ வைத்தார்கள் என்று நிரூபணமாகவில்லை. காரணம் தெரிந்தவற்றில் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் அதே கதை: ஒரு பொறி அணில் கூட்டுக்குள் விழுந்து, ஒன்றரை மணி நேரம் சத்தமில்லாமல் கனன்றுகொண்டு கிடந்திருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் ஏணியில் ஏறி மூக்கை நீட்டியிருந்தால், ஒரு செம்புத் தண்ணீரோடு முடிந்திருக்கும். அமெரிக்காவில் வெல்டிங் வேலைக்கு, அங்குள்ள தீப் பாதுகாப்புச் சங்கம் போட்ட என்எஃப்பிஏ 51பி என்று ஒரு விதிக்கோவை இருக்கிறது. பொறி பறக்கிற இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது, அகற்ற முடியாததை மூட வேண்டும், வேலை முடிந்த பிறகும் ஒருவர் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். முன்பு அரை மணி நேரம் போதும் என்றிருந்ததை 2019 பதிப்பில் ஒரு மணி நேரமாக்கியிருக்கிறார்கள். எங்கள் மேசன்மாரிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கும் நாட்கூலியா அக்கா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கொடுத்தேன்.

சரி, சிலிண்டருக்கு வருவோம். வாங்கின கடை டவுனில், பெயரைப் போட்டு விளம்பரம் செய்ய எனக்கு ஆசையில்லை, ஆனால் அந்தக் கடைத் தம்பி நல்லவன். பெட்டியோடு தூக்கித் தராமல் வெளியே எடுத்து, முள் பச்சையில் நிற்பதைக் காட்டி, நிரப்பின திகதியைக் காட்டி, "பவுடர் அடியில கட்டிபடும், மாதத்துக்கு ஒருக்கா தலைகீழாப் பிடிச்சுத் தட்டுங்க அக்கா" என்று சொல்லித் தந்தான். கூரை எரிந்த அன்று யாரோ தூக்கிக்கொண்டு ஓடிவந்த சிலிண்டர் ஏன் ஒரு பிடி மாவோடு நின்றது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடித்துப் பார்த்த நாளைச் சொல்கிறேன். புது ஆட்கள் வேலை தொடங்கிய பிறகு, விறாந்தையில் கிரைண்டரால் கம்பி வெட்டினார்கள். ஓடாவியின் மரச்சீவல் குவியல் மூன்று பாகம், அதாவது பதினெட்டு அடி அளவு, தள்ளித்தான் கிடந்தது. ஐந்து மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள், நான் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து இருபதுக்குச் சீவலின் நடுவில் ஒரு சின்னக் கறுப்பு வட்டம். காகத்தின் நிழல் என்று நினைத்தேன். வட்டம் பெருத்தது, ஓரத்தில் சிவப்பு ஓடியது, பக்கென்று பிடித்தது. சிலிண்டரைத் தூக்கினேன், ஊசியை இழுத்தேன் (இழுக்க முதல் பிடியை அமுக்கினால் ஊசி இறுகிவிடும், நான் அந்தப் பிழையையும் செய்தேன்), குழாயை நெருப்பின் அடிப்பக்கம் காட்டி அமுக்கினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், குழாய் பாம்பு மாதிரி உதறியது, மஞ்சள் கலந்த ஒரு முகில் எழும்பி எனக்கு முன்னால் விறாந்தையே இல்லை. ஐந்தாறு செக்கனில் நெருப்பு செத்துவிட்டது. முழுதாக அடித்தாலே பதினைந்து செக்கன் அளவில்தான் ஓடும் என்பதால், வீணாக மேலே சுவாலைக்கு அடித்துக்கொண்டு நின்றால் கதை கந்தல். பிறகு சீவலைக் கிளறித் தண்ணீர் ஊற்றினேன், மரத்துக்குள் கனல் இருக்கும், பவுடர் அதைக் குளிர வைக்காது.

இனிக் குறைகள். அந்த மா வீடு முழுக்கப் போகும். முழுக்க என்றால் முழுக்க, ஊஞ்சல் சங்கிலியின் வளையங்களுக்குள், வெயிலில் வைத்த மோர் மிளகாய்க்குள், கோழியின் முதுகில். அது அமோனியம் பொஸ்பேட் உப்பு, ஈரம் பட்டால் இரும்பைத் தின்னும், எங்கள் வாவிக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நான் அவசரப்பட்டு ஈரத் துணியால் துடைத்து, பித்தளைக் கீல் இரண்டைப் பச்சை பிடிக்க வைத்தேன். முதலில் உலர்ந்த தூரிகையால் கூட்டி அள்ளுங்கள், பிறகுதான் தண்ணீர். அடுத்தது, ஐந்து செக்கன் அடித்தாலும் முழுச் சிலிண்டரும் போனதாகத்தான் கணக்கு, வால்வில் மா சிக்கி அமுக்கம் மெல்ல மெல்ல இறங்கிவிடும், திரும்ப நிரப்பக் கொடுத்தே ஆகவேண்டும். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு இதைக் கிட்ட நின்று அடித்தால் எண்ணெய் சிதறும், அதற்கு மூடிதான் மருந்து. பழைய சுண்ணாம்புச் சுவரில் அவர்கள் தருகிற ஆணி நிற்காது, எங்களுடையது இரண்டாம் நாளே சுவரோடு பெயர்ந்து வந்தது, இப்போது அம்மம்மாவின் முக்காலியில்தான் இருக்கிறது. பாரமும் ஒரு பிரச்சினை. ஆறு கிலோ என்பது மா மட்டும், இரும்போடு சேர்த்து அம்மாவால் தூக்க முடியவில்லை. ஒன்றை இரண்டு கிலோவாக வாங்கியிருக்கலாம்.

எல்லாவற்றையும் விட எரிச்சல், அதில் ஒட்டியிருக்கிற விளக்கத்தில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. வீடு எரியும்போது இங்கிலிஷ் படிக்கவா முடியும்? நான் கொப்பித் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: ஊசியை இழு. அடியைப் பார். அமுக்கு. பக்கத்துக்குப் பக்கம் வீசு.

அலாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேலை நடக்கிற வீட்டில் சிமெந்துத் தூசிக்கே கத்துவதால் காலையில் ஷொப்பிங் பேக்கால் மூடிக் கட்டுவோம், மாலையில் கழற்ற மறப்போம், ஆக நெருப்பு வரக்கூடிய அதே நேரத்தில் அது செவிடாக இருக்கும். பற்றரி இறங்கினால் நடுச்சாமத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் கீச்சென்று ஒரு சத்தம் போடும். அதைப் பல்லி என்று நினைத்து அம்மா இரண்டு இரவு சகுனம் பார்த்தார்.

சிலிண்டருக்கு ஐந்தில் நாலு, அலாரத்துக்கு மூன்று. முழுப் புள்ளி கொடுப்பதானால் அந்தப் பிளாஸ்டிக் கதிரைக்குத்தான். ஐந்திலிருந்து ஆறு மணிவரை, கூரை வேலை நடந்த நாளெல்லாம், அதில் ஒருவர் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று வீட்டில் முறை வைத்திருக்கிறோம். நேற்று அம்மாவின் முறை. எதிர்வீட்டு மாமி கடப்படியில் நின்று, "என்ன கா, முகட்டையே பார்த்துக்கொண்டிருக்கிற, ஒழுகுதா?" என்று கேட்டது குசினிக்குள் எனக்குக் கேட்டது. "நெருப்புக்குக் காவல். நீயும் ஒரு கதிரை இழுத்துப் போட்டு இரன்" என்றார் அம்மா. ஆறு மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோது விறாந்தையில் நாலு கதிரை, நாலு பேர், சிலிண்டரின் தலையில் யாரோ வெற்றிலைத் தட்டை வைத்திருந்தார்கள். தேத்தண்ணி எங்கே என்று என்னைக் கேட்டார்கள்.